கொழுந்துத் தராசில் ஒரு குகை

தேயிலைத் தோட்டப் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் பிளேட்டோவின் குகையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பேச்சாளர் கதையைச் சுருக்கிச் சொல்வார்: இருட்டு, சங்கிலி, சுவரில் நிழல், ஒருவன் மட்டும் வெளியேறிச் சூரியனைக் காண்கிறான். பிறகு அவர் கை மண்டபத்து யன்னலுக்கு வெளியே, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் பக்கம் நீளும். அதுதான் குகை என்பார். படித்து வெளியே வாருங்கள் என்பார். முன்வரிசைப் பெற்றோரும் கைதட்டுவார்கள். குகைவாசிகள் என்று சொல்லப்பட்டது தங்களைத்தான் என்பது அவர்களுக்குப் புரியாமலா இருக்கும்? புரிந்தும் தட்டுகிறார்களே, அதுதான் இந்தக் கதையை மறுபடி கையில் எடுக்க வைத்தது.

கேள்விகள் இரண்டு. உருவகக் கதையாக அதன் கட்டுமானம் எவ்வளவு உறுதியானது? நுவரெலியா, ஹட்டன் மலைகளின் மேல் அதை வைத்தால் எவ்வளவு பொருந்தும்? இரண்டையும் கலந்தால் தீர்ப்புக் கெடும். மேடைப் பேச்சின் குற்றத்தைப் பிளேட்டோவின் தலையில் கட்டக்கூடாது; பிளேட்டோவின் புகழைக் காட்டி மேடைப் பேச்சைக் காப்பாற்றவும் கூடாது.

முதலில் மூலம். ‘குடியரசு’ நூலின் ஏழாம் புத்தகம் இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. சிறுவயது முதல் காலும் கழுத்தும் பிணைக்கப்பட்ட கைதிகள் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள். பின்னால், சற்று உயரத்தில், தீ. தீக்கும் கைதிகளுக்கும் நடுவே ஒரு பாதை. அதன் ஓரமாக, பாவைக்கூத்தர் கட்டும் திரைபோல ஒரு தாழ்ந்த மதில். கல்லாலும் மரத்தாலும் செய்த உருவங்களை மதிலுக்கு மேல் தெரியும்படி சிலர் தூக்கிப் போகிறார்கள். சிலர் பேசுகிறார்கள், சிலர் பேசுவதில்லை. கைதிகளுக்குத் தெரிவது நிழல். கேட்பது சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி. அவிழ்க்கப்பட்ட ஒருவன் கரடுமுரடான ஏற்றத்தில் வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்லப்படுகிறான். வெளியே முதலில் நிழல்களையும், பிறகு நீரில் விழும் பிம்பங்களையும், பிறகு பொருள்களையும், இரவு வானத்தையும், கடைசியில் சூரியனையும் பார்க்கப் பழகுகிறான். இறங்கி வந்தவனின் கண் இருட்டில் தடுமாறும்போது கைதிகள் சிரிக்கிறார்கள். தங்களை அவிழ்க்க வருபவன் கைக்கு அகப்பட்டால் கொன்றும் போடுவார்கள் என்கிறார் நூலில் இந்தக் கதையைச் சொல்லும் சோக்கிரட்டீஸ். கி.மு. 399இல் அவரையே அதென்ஸ் நஞ்சூட்டிக் கொன்றதை அறிந்தே பிளேட்டோ அவர் வாயில் இந்தச் சொல்லை வைத்தார்.

செய்நேர்த்தியில் குறை காண்பது கடினம். பார்வை இங்கே ஒரே தாவலில் சூரியனுக்குப் போவதில்லை. நிழல், பிம்பம், பொருள், இரவு வானம், சூரியன் என்று படிப்படியாக ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் கண் வலிக்கிறது. அறிவு சுகமாக வராது என்பதைப் பிளேட்டோ வாதமாகச் சொல்லாமல் கண்ணின் எரிச்சலாகவே சொல்கிறார். அமைப்பின் ஒருமையும் பெரிது. நூலின் முதற்சொல்லே ‘இறங்கினேன்’ என்பதுதான். சோக்கிரட்டீஸ் பிரேயஸ் துறைமுகத்துக்கு இறங்கிப்போன செய்தி. நடுவில் வரும் குகைக் கதையும், கண்டவன் மீண்டும் இறங்கியாக வேண்டும் என்ற கட்டளைக்கே வந்து சேர்கிறது. வெ. சாமிநாத சர்மா இந்நூலைத் தமிழில் தந்தபோது ‘பிளாட்டோவின் அரசியல்’ என்று பெயரிட்டார். அந்தத் தலைப்பே ஒரு திறனாய்வு. குகைக் கதையை ஆன்மிக ஏற்றமாக மட்டும் வாசிப்பவர்கள் மறந்துவிடும் பாதியை அது நினைவூட்டுகிறது.

இனிக் குறை. கருதிய பொருளை மறைத்து, அதற்கு ஒத்த இன்னொன்றைச் சொல்லிப் புலப்படுத்துவதைத் தண்டியலங்காரம் ஒட்டு என்னும். அந்த அளவுகோலில் குகை தூய ஒட்டணி ஆகாது. சோக்கிரட்டீஸே திறவுகோலைக் கையில் தந்துவிடுகிறார். குகை கண்ணால் காணும் உலகம், தீ நம் சூரியன், ஏற்றம் ஆன்மாவின் பயணம் என்று பொருள் விரிக்கிறார். விரித்தது குற்றமில்லை, ஒரு பூட்டை மட்டும் திறக்காமல் விட்டதுதான் குற்றம். உருவங்களைத் தூக்கிப் போகிறவர்கள் யார்? தீயை மூட்டியது யார், அணையாமல் பார்ப்பது யார்? கைதிகளைக் குழந்தையாக இருந்தபோதே பிணைத்தது எவர் கை? கதையின் எந்திரம் முழுவதும் இந்த ஆட்களால்தான் இயங்குகிறது. ஆனால் விளக்கத்தில் அவர்களுக்கு ஒரு வரியும் கிடையாது. இருட்டுக்குக் காரணம் கேட்காத கதை, இருட்டில் இருப்பவனையே காரணமாக்கிவிடும். மேடைப் பேச்சாளரின் கை லயத்தின் பக்கம் நீள்வதற்கு இடம் கொடுத்தது இந்த மௌனம்தான்.

இதைத் தற்செயலான விடுபடல் என்று தள்ளவும் முடியாது. இதே நூலின் மூன்றாம் புத்தகத்தில், நகரத்தின் நன்மைக்காக மக்களை நம்பவைக்க வேண்டிய ஓர் உயர்ந்த பொய்க்குச் சோக்கிரட்டீஸ் இடம் தருகிறார்: மனிதர்கள் மண்ணிலிருந்து பிறந்தவர்கள், அவர்களுக்குள் பொன்னும் வெள்ளியும் இரும்பும் கலந்திருக்கிறது என்ற கதை. மூன்றாம் புத்தகத்தில் நிழல் காட்ட அனுமதி பெற்றவரே ஏழாம் புத்தகத்தில் நிழலைப் பழிக்கிறார். அந்த நகரத்தை ஆளும் காவலர்கள் நல்லவர்கள், ஆகவே அவர்கள் காட்டும் நிழலும் நல்லது என்று பிளேட்டோவின் பக்கம் வாதிடலாம். ஆனால் அந்த வாதம் குகைக்குள்ளிருந்து பார்ப்பவனுக்கு எந்த உதவியும் செய்யாது. நல்ல நிழலையும் கெட்ட நிழலையும் பிரித்தறியும் வழி அவனிடம் இல்லை என்பதே கதையின் முதல் நிபந்தனை.

இரண்டாவது குறையைக் கண்டுகொள்ள மூலத்தை நெருங்கிப் படிக்கவேண்டும். பிணை காலுக்கும் கழுத்துக்கும்தான். கைக்குப் பிணை சொல்லப்படவில்லை. ஆயினும் கதை முழுக்க அந்தக் கைகள் எதையும் செய்வதில்லை. பக்கத்தில் இருப்பவனைத் தொட்டுப் பார்ப்பதுகூட இல்லை. கைதிகள் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், எந்த நிழலுக்குப் பின் எந்த நிழல் வரும் என்று ஊகிக்கிறார்கள். நன்றாக ஊகித்தவனுக்குப் பரிசும் மரியாதையும் உண்டு. நம் அளவை நூல்களின் சொல்லில், காண்டலும் கருதலும் அங்கே இருக்கின்றன, உழைப்பு இல்லை. உழைப்பின்றி இருக்கும் கைதிகளுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்றும் கதை கேட்பதில்லை. அதென்சுக்கு அருகே லௌரியோன் வெள்ளிச் சுரங்கங்களில் அடிமைகள் உண்மையாகவே மண்ணுக்கடியில் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது.

மலையில் நிரை பிடித்து நிற்கும் ஒரு பெண்ணைக் கவனியுங்கள். இரண்டு கையும் செடி மட்டத்தின் மேல் ஓடுகின்றன. மொட்டோடு இரண்டு இலை எது, முற்றிய இலை எது என்று கண் சொல்வதற்கு முன் விரல் முடிவெடுத்துவிடுகிறது. கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிகிறாள். கூடைக் கயிறு தலையில் இறுகிக் கிடக்கிறது. அவள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கொழுந்து கூடைக்குள்தான் விழுகிறது. எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதும் முதுகின் பாரத்தில் அவளுக்குத் தெரியும். பிளேட்டோவின் கைதி, கழுத்தைத் திருப்ப முடியாததால் பின்னால் இருப்பதை அறியவே வழியில்லாதவன். இவள் திரும்பாமலே அறிகிறாள். அறிவுக்குக் கண்ணை மட்டும் வாயிலாக்கிய ஒரு கோட்பாட்டுக்கு இந்தக் காட்சி பதில் சொல்லமுடியாத எதிர்ச்சான்று.

மூன்றாவது குறை நிழலைப் பற்றியது. பிளேட்டோவிடம் நிழல் உண்மையில் குறைந்த பொருள். அதனால் எதையும் செய்ய முடியாது. தோட்டத்து நிழல் அப்படிப்பட்டதா? மாலையில் மடுவம் என்னும் நிறுவைக் கொட்டிலில் கொழுந்து நிறுக்கப்படுகிறது. தராசு ஒரு நிறையைக் காட்டும். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்து வேறொரு நிறை எழுதப்படும். அளவு எட்டவில்லையென்றால் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி. முதுகு சுமந்தது பொருள், ஏட்டில் ஏறியது அதன் நிழல். ஆனால் சம்பளம் நிழலுக்குத்தான். இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் ஏட்டு வரிகள்தான். மலையில் அன்றைக்கும் அதே மக்கள் அதே கொழுந்தைத்தான் எடுத்தார்கள். அவ்வரிகள் அவர்களை நாடற்றவர்களாக்கின. அடுத்த ஆண்டே வாக்கும் போயிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்தது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, பிறகு பார்த்துக்கொள்ள 150,000. அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். குடும்பங்கள் இப்படிப் பூச்சியங்களில் முடியும் எண்களாக நிற்பதில்லை. கொழும்பிலும் டில்லியிலும் இருந்தவர்கள் பார்த்தது சுவரில் விழுந்த உருவத்தை. அந்த உருவத்தை வெட்டியபோது இரத்தம் வந்தது மலையில். இப்படிக் கடிக்கும் நிழலுக்குப் பிளேட்டோவின் படிநிலையில் இடமே இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் நிறுக்கவேண்டும். தோட்டத்து மக்கள் ஒருபோதும் நிழலை நம்பவில்லை என்று சொன்னால் அது பாசம்; திறனாய்வாகாது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்ட வந்த கங்காணிமார் சொன்னதாக இன்றும் லயங்களில் கதை உண்டு. அது நிழல்; நம்பியவர்கள் இருந்தார்கள். ஆனால் அதே கதை பேரப்பிள்ளைகள் சிரித்துச் சொல்லும் பகடியாகவும் மாறியிருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஏமாந்த செய்தியை ஏமாந்தவர்களே சேமித்து, யார் சொன்னார்கள் என்ற விவரத்தோடு கைமாற்றுகிறார்கள். நிழலோடு சேர்த்து அதைத் தூக்கி வந்தவனையும் நினைவில் வைத்திருக்கும் கைதிகளைப் பிளேட்டோ கற்பனை செய்யவில்லை.

காமன் கூத்தும் இதையே சொல்கிறது. மாசி மாதம் கம்பம் ஊன்றி, இரவிரவாக ஆடி, மதனை எரித்து, ரதியைப் புலம்பவைக்கும் அந்தக் கூத்தில் ரதியாக வருபவன் அடுத்த லயத்துப் பையன் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அழுகிறார்கள். பாத்திரமும் ஆளும் ஒரே நேரத்தில் கண்ணில் நிற்கும் இந்த இரட்டைப் பார்வை, குகையின் பாவைத்திரை முன் இருப்பவர்களுக்கு மறுக்கப்பட்ட ஒன்று. தோற்றத்தைக் கண்டவன் தோற்றத்துக்கே அடிமையாவான் என்பது கதையின் விதி. கூத்துப் பார்த்து வளர்ந்த சமூகத்துக்கு அது பொருந்தவில்லை.

அப்படியானால் குகை எங்கே பொருந்துகிறது? பேச்சாளர் கை காட்டிய திசைக்கு நேர் எதிரே. தோட்ட நிர்வாகியான துரை தன் தொழிலாளரை அறிந்தது பெரும்பாலும் செக்ரோல் வழியாகவும், கங்காணி, கணக்கப்பிள்ளை வாய் வழியாகவும்தான். தோட்டத் துரைமார் தமிழ் கற்பதற்கென்று வெல்ஸ் எழுதிய கையேட்டுக்குப் பெயரே ‘கூலித் தமிழ்’. வேலை வாங்கப் போதுமான தமிழைக் கொண்டு ஒரு மக்கள்கூட்டத்தின் மனத்தை அறியமுடியாது. எதிரொலியைக் கேட்டு ஆளை அறிந்ததாக எண்ணலாம். அதே பெயரைத் தலைப்பாக்கி 2014இல் வெளிவந்த மு. நித்தியானந்தனின் ஆய்வு நூல், 1869இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யையும் எடுத்து ஆராய்கிறது. மலையகத் தோட்ட வாழ்வைப் பாடிய மிகப் பழைய தமிழ் அச்சு நூல்களில் ஒன்றான அது, தோட்டத்துரையின் பக்கம் நின்று பாடுகிறது. உருவம் தூக்கியவர்களின் வரிசையில் நம்மவர் பெயரும் உண்டு என்பதை மறைக்காமல் சொன்னது அந்த ஆய்வின் பெருமை. இன்றைக்குத் தேயிலைப் பொட்டலத்தில் சிரிக்கும் கொழுந்துக்காரியின் படமும் அதே மதிலுக்கு மேல்தான் போகிறது. அதன் முன் அமர்ந்திருக்கும் கைதி, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் கோப்பையோடு இருக்கிறார்.

இறங்கி வந்தவர்களின் வரலாறும் கதையைச் சோதிக்கிறது. கோ. நடேசய்யர் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவர், குகையில் பிறந்தவரல்லர். புடவை வியாபாரிபோலத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைக் கண்டவர் என்பார்கள். 1931இல் ஹட்டனை மையமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். மக்கள் அவரைக் கண்டு சிரிக்கவில்லை. அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் மக்கள் அறிந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டிப் பாடினார். பத்தாம் புத்தகத்தில் கவிஞரை நகரத்துக்கு வெளியே நிறுத்திய பிளேட்டோவுக்கு, பாட்டே கண்ணைப் பழக்கும் படியாக அமையக்கூடும் என்பது தோன்றவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்தில் பிறந்து, வெளியே படித்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். திரும்பிப் பார்த்தபோது அவர் குகைவாசிகளுக்குச் சூரியனைப் பற்றி விரிவுரை செய்யவில்லை. அவர்களுடைய பாடல்களைத் திரட்டினார். அவை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ ஆயின. உள்ளே இருந்தவர்களிடம் கேட்கவும் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் அந்த வேலைக்குப் பின்னால் இருக்கிறது. கொலை வரியையும் மாற்றி எழுதவேண்டும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. தோட்டத்து வாக்காளர்கள் தங்கள் நலனைத் தெளிவாகக் கண்டே வாக்களித்தார்கள். அதன் பிறகுதான் வாக்குப் பறிபோனது. இங்கே கண்டவர்களைத் தண்டித்தவர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்.

இவ்வளவு கழித்த பிறகும் எஞ்சுவது சிறிதல்ல. முதலாவது, கதையைக் கேட்டுக்கொண்டிருந்த கிளௌக்கோன் இவர்கள் விசித்திரமான கைதிகள் என்றபோது, நம்மைப் போன்றவர்கள் என்று சோக்கிரட்டீஸ் பதில் சொல்கிறார். பேச்சாளர் தன்னை விலக்கிவிட்டுக் கை நீட்டுகிறார். மூலம் பேசுகிறவனையும் கேட்கிறவனையும் சேர்த்தே உள்ளே வைக்கிறது. இரண்டாவது, கல்வி என்பது குருட்டுக் கண்ணில் பார்வையைப் போடுவதாகாது. பார்க்கும் திறன் ஏற்கனவே உண்டு, முழு ஆன்மாவையும் அதன் பக்கம் திருப்புவதே கல்வி என்ற கருத்து. மனப்பாடத்தையும் புலமைப்பரிசில் புள்ளியையும் கல்வி என்று எண்ணும் எந்தப் பாடசாலைக்கும் இது இன்னும் செல்லுபடியாகும் கண்டனம்.

மூன்றாவது, எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்ததாகத் தோன்றுவது, கண்ணின் இரு தடுமாற்றங்களைப் பற்றிய பகுதி. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண்ணும் தடுமாறும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த கண்ணும் தடுமாறும். தடுமாறுபவனைக் கண்டு சிரிக்குமுன், அவன் எங்கிருந்து வருகிறான் என்று கேள் என்கிறார் சோக்கிரட்டீஸ். 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவிலிருந்து ஹட்டன் நகரத்துப் பாடசாலைக்குப் போய் முதல் தவணையில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளைக்கு, இதைவிட நியாயமான ஆசிரியர் வாக்கு எந்த மொழியிலும் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. நம் உமாபதி சிவம் திருவருட்பயனில் இதற்கு இணையான நுட்பம் ஒன்றைக் காட்டுகிறார்: இருட்டு பொருளை மறைத்தாலும் தன்னைக் காட்டிக்கொள்ளும், ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். அறியாமையின் இயல்பை அலசுவதில் உமாபதி கூர்மையானவர். அறியாமையிலிருந்து வெளியேறுபவனின் வலியைக் காட்டுவதில் பிளேட்டோ. சைவ சித்தாந்தம் பக்குவத்துக்குக் காத்திருக்கும். பிளேட்டோ இழுத்துக்கொண்டு போகிறார். இரண்டிலும் அவிழ்ப்பு வெளியிலிருந்தே வருகிறது. கைதிகள் கூடி ஒருவர் சங்கிலியை ஒருவர் அவிழ்ப்பது இருவர் கணக்கிலும் இல்லை.

ஆகத் தீர்ப்பு இது. கல்வியின் வலியையும் கற்றவனின் கடமையையும் சொல்லும் படிமமாகக் குகை முதல் தரம். அறிகையின் கோட்பாடாக அது பாதி: கையை மறந்தது, கடிக்கும் நிழலை மறந்தது. சமூகத்தின் படமாக அது கால்பங்கும் தேறாது. தீயை மூட்டியவர் பெயரைக் கேட்காத கதை ஒரு தோட்டத்தை விளக்கமுடியாது. பரிசளிப்பு விழாவில் அதைச் சொல்லலாம். ஆனால் கை நீளும் திசையை மாற்றி, நம்மைப் போன்றவர்கள் என்ற பதிலையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அப்போது முன்வரிசைப் பெற்றோரின் கைதட்டலில் பெருந்தன்மை தேவைப்படாது.

கடைசியாக ஒன்று. மடுவத்தில் ஈரத்துக்கென்று கழிக்கப்படும் கொழுந்தை யாரும் வீசிவிடுவதில்லை. கணக்கில் ஏறாவிட்டாலும் அது மற்றதோடு லொறியில் ஏறி இஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிறது. வாடி, அரைபட்டு, தேயிலையாகிறது. பிளேட்டோவிடம் நாம் கழித்த குறைகளும் அப்படித்தான். தெரிந்தவர் சிலர், தெரியாதவர் பலர், தெரிந்தவரே ஆளட்டும் என்ற எண்ணம் நூற்றாண்டுகளாக அந்தக் கொழுந்தோடு சேர்ந்தே அரைபட்டு வருகிறது. குகைக் கதையைச் சுவைத்துக் குடிக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அதையும் குடிக்கிறோம்.